பெட்ரோல் கழுவியவன்

கொஞ்சம் அக்கட்டால தள்ளி உக்காருங்க. பையை மடியில வெச்சுக்கறேன், ஒண்ணும் தொந்தரவில்லை. நீங்களும் கரட்டு முனியப்பன் கோயிலுக்குத்தானுங்களே? கேக்கவே வேண்டாம், கண்ணைப் பாத்தாலே தெரியுது. தப்பா எடுத்துக்காதீங்க. செவ்வாக்கிழமையானா இந்த பஸ்ஸுல ஏறறவங்க முக்காவாசிப் பேரு குடியை விடக் கயிறு கட்டிக்கப் போறவங்கதான். நானும் அதுக்குத்தான் போறேன். ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிப்போடறேன். நான் குடிகாரன் இல்லீங்க. பொறந்ததுல இருந்து ஒரு சொட்டு நாக்குல பட்டதில்லை. இருமல் மருந்தைக் கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பேன்.

பாருங்க, சிரிக்கறீங்க. எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்கன்னு நினைக்கறீங்க. முழுசாக் கேளுங்க, அப்புறம் சிரிங்க. கோயில் வர இன்னும் நேரமிருக்குது.

எம்பேரு பொங்கியண்ணன். ராசிபுரத்துப் பக்கம். சொந்தமா ஒரு குட்டியானை வெச்சு ஓட்டறேன். டீசல் இல்லீங்க, பெட்ரோல் வண்டி. கோழிப் பண்ணையில முட்டை ஏத்திக் கொல்லிமலையில இருக்கற கடைகளுக்குப் போடறது என் சோலி. மத்தவனெல்லாம் வண்டிக்குப் பின்னால சாமி பேரு எழுதுவான், பிள்ளைக பேரு எழுதுவான். நான் என்ன எழுதியிருக்கேன் தெரியுங்களா? ‘மது தொடாத ஓட்டுநர். மது தொடாத வண்டி.’ மஞ்சப் பெயிண்ட்ல, கொட்டை எழுத்துல. வண்டி ஸ்டாண்டுக்கு நான் போனா பசங்க பேச்சை நிறுத்திட்டு அவனவன் எந்திரிச்சுப் போயிருவான். அவ்வளவு மரியாதைங்க எம்மேல.

எனக்கு ஒரே பொண்ணு, சுகந்தி. ஊட்டுல அம்மணின்னுதான் கூப்பிடறது. கெமிஸ்ட்ரி படிச்சுட்டுப் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்குது. அதுகூடக் காலேஜுல படிச்ச பையன், நவநீதன்னு பேரு. ரெண்டு பேருக்கும் புடிச்சுப் போச்சு. அம்மணி எங்கிட்ட நேரா வந்து சொல்லுச்சு, ஒளிவுமறைவு இல்லாம. எனக்கு ஒண்ணும் கோவமில்லை. பையன் குடிப்பானான்னு ஒரே கேள்விதான் கேட்டேன். தொடமாட்டாருப்பான்னுச்சு. அப்பக் கூட்டிட்டு வரச் சொல்லுன்னேன். அப்பா இல்லாத பையன், அம்மாவைக் கூட்டிட்டு வந்தான். தங்காயம்மான்னு பேரு. கேசரி, பஜ்ஜி, காப்பி எல்லாம் ஆச்சு. நான் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

“தம்பிக்கு வேலை எங்கீங்க?”

“சர்க்கரை ஆலையிலங்க மாமா.”

“சர்க்கரை எடுக்கறீங்களாக்கும்?”

“இல்லீங்க. சர்க்கரை எடுத்தது போக மிச்சமாகற பாகுல இருந்து எத்தனால் எடுக்கற பிரிவு. அதுல நான் லேப்ல இருக்கேனுங்க.”

எனக்கு விளங்கலை. அந்தம்மா எனக்குப் புரியட்டும்னு தமிழ்ல சொன்னாங்க. “எரிசாராயமுங்க.”

சாராயம்! என் ஊட்டு நடுவுல, எம்பொண்ணு பூ வெச்சுட்டு நிக்கறப்ப, அந்த வார்த்தை. பையன் கையில இருந்த கேசரித் தட்டை வாங்கீட்டேனுங்க. பாதி தின்னிருந்தான். எங்கூட்டுக்காரி சரசு, “ஏனுங்க, ஏனுங்க”ங்கறா. நான் விடலை. “சாராயம் காய்ச்சற கைக்கு எம்பொண்ணு இல்லை, கிளம்புங்க”ன்னு சொல்லிப்போட்டேன். அந்தம்மா ஏதோ சொல்ல வந்தாங்க. நான் கேக்கலை. என்னத்தைக் கேக்கறது!

பையன் கோவிச்சுக்கவே இல்லை. எந்திரிச்சுக் கை கழுவிட்டு வாசப்படியில நின்னு நெதானமாச் சொன்னான். “மாமா, அது மனுசன் குடிக்கறதில்லீங்க. வண்டி குடிக்கறது. இப்பப் பெட்ரோலுல நூறு பங்குக்கு இருபது பங்கு அதுதான். உங்க வண்டியிலயும் அதாங்க ஓடுது.”

என் வண்டியில!

அவங்க போனதும் வெளிய வந்தேனுங்க. வாசல்ல வண்டி நிக்குது. பின்னால மஞ்ச எழுத்து, ‘மது தொடாத வண்டி’. உள்ள டேங்க்குல சாராயம். இத்தனை காலமா ஊரையே ஏமாத்திட்டிருந்திருக்குது அந்த வண்டி. அதைப் பாக்கவே புடிக்கலை எனக்கு.

மக்யா நாள் விடிஞ்சதும் பங்க்குக்குப் போனேன். “உங்க பெட்ரோலுல சாராயம் கலக்கறீங்களா?”ன்னு கேட்டேன். பங்க்குக்காரரு, “எல்லாப் பங்க்குலயும் அப்படித்தானுங்க, போர்டுலயே போட்டிருக்குது”ன்னாரு. சாதாப் பெட்ரோல் இருக்குது, அதை விட விலை கூடின பவர் பெட்ரோல் இருக்குது, ரெண்டுலயும் கலப்புத்தான்னு சொல்லீட்டாரு. “நூறு நம்பர்னு ஒண்ணு வருதுங்க, அதுல கலக்கறதில்லைன்னு பேசிக்கறாங்க. ஆனா அது பந்தயத்துல ஓட்டற பைக்குக்கு, பெரிய பெரிய வெளிநாட்டுக் காருக்கு ஊத்தறது. சேலத்துலதான் கிடைக்கும். முட்டை வண்டிக்கு எதுக்குங்க அது?”

முட்டை வண்டின்னா மானம் இருக்கக் கூடாதா? நேரா சேலம் போனேன். எனக்கு முன்னால ஒரு சிகப்புக் காரு நிக்குது, தரையோட தரையா, தவளை உக்காந்திருக்கற மாதிரி. அதுக்குப் பின்னால நம்ம குட்டியானை. “நூறு நம்பரு, ஃபுல்லா ஊத்துங்க”ன்னேன். ஊத்தற பொண்ணு ரெண்டு தடவை கேட்டுச்சு. விலையைச் சொல்ல மாட்டேன், உங்களுக்கே நெஞ்சு வலிக்கும். அதை ஊத்திட்டு ராசிபுரம் வந்து மலை ஏறி எறங்கினா டேங்க் காலி. மறுபடி சேலம். பெட்ரோல் ஊத்தறதுக்குத்தான் பெட்ரோல் சரியாப் போச்சு. முட்டையில வந்த காசு பூராம் அந்த நூறு நம்பருக்கே போயிருச்சு. “குடிகாரன் பொண்டாட்டி கூட இவ்வளவு கஷ்டப்பட மாட்டா”ன்னு சரசு சொன்னா. பொம்பளைக்கு என்ன தெரியும், விடுங்க.

இதுக்கு நடுவுல அம்மணி என்னோட பேசறதில்லை. கோவமா ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் பதில் சொல்லியிருப்பேன். காப்பி கொண்டாந்து வெச்சுட்டுப் போயிரும், அவ்வளவுதான். அந்தப் பையனை விட்டா வேற மாப்பிள்ளை வேண்டாம்னு அவங்கம்மாகிட்டச் சொல்லியிருக்குது. எனக்கு வெசனமாத்தான் இருந்துச்சு. ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்குதுங்களே.

அப்பத்தானுங்க போனுல ஒரு வீடியோ பாத்தேன். ஒருத்தன் பாட்டில்ல பெட்ரோல் ஊத்தி, அதுல தண்ணி ஊத்திக் குலுக்கிக் காட்டறான். கொஞ்ச நேரத்துல அதுல இருக்கற எத்தனால் பெட்ரோலை விட்டுட்டுத் தண்ணியோட கீழ எறங்கிருது. எவ்வளவு கலப்பு இருக்குதுன்னு காட்டறதுக்கு அவன் போட்ட வீடியோ அது. எனக்குப் பொட்டுன்னு வெளிச்சம் அடிச்சாப்ல ஆயிருச்சு. சாராயத்துக்குத் தண்ணியைக் கண்டா நிக்க முடியலை. அதை நான் உங்களுக்குச் சொல்லோணுமா, உங்களுக்குத் தெரியாத மிக்ஸிங்கா! அப்ப நாம எதுக்குச் சேலம் போகோணும்? சாதாப் பெட்ரோலையே வாங்கிட்டு வந்து, தண்ணி ஊத்திக் கழுவிட்டாப் போச்சு. அரிசி கழுவறதில்லையா, பருப்புக் கழுவறதில்லையா?

ஊட்டுக்குப் பின்னால ஒரு பழைய கோழி ஷெட்டு சும்மாக் கிடந்துச்சு. ட்ரம்மு வாங்கிப் போட்டேன். பெட்ரோலைக் கேன்ல வாங்கிட்டு வந்து ட்ரம்முல ஊத்தி, தண்ணி ஊத்தி, நல்லாக் கலக்கி விட்டுருவேன். தெளிஞ்சதும் மேல நிக்கறதை எடுத்து வண்டிக்கு, கீழ எறங்கினதைத் தனியாப் புடிச்சுக் கேன்ல. ஊரு பூராம் பெட்ரோல் வாசம். சரசு அடுப்புப் பத்த வெக்கவே பயந்துக்கிட்டுப் பக்கத்து ஊட்டுல போய்ச் சோறாக்கிட்டு வந்தா. எனக்கு ஒண்ணும் தெரியலை. துணி துவைச்சுக் காயப் போட்ட மாதிரி மனசு வெள்ளையா இருந்துச்சு.

கீழ எறங்கின தண்ணியைக் கொட்டறதுக்கு எனக்கு மனசு வரலீங்க. அந்தப் பக்கம்தான் மாடு மேயுது. ஒரு வாயில்லா ஜீவன் குடிச்சுட்டா அந்தப் பாவம் யாருக்கு? அதனால எல்லாத்தையும் கேன்லயே வெச்சேன். யாராச்சும் தெரியாமத் தொட்டுறக் கூடாதுன்னு ஒவ்வொரு கேன் மேலயும் மிச்சமிருந்த மஞ்சப் பெயிண்ட்ல எழுதினேன், ‘சாராயம்’. தப்பா? நீங்களே சொல்லுங்க, அதுல என்ன தப்பு?

வண்டிதான் படுத்த ஆரம்பிச்சுருச்சு. தரையில ஓடறப்ப ஒண்ணும் தெரியலை. மலை ஏற ஆரம்பிச்சாப் போதும், இஞ்சினுக்குள்ள யாரோ சுத்தியல் எடுத்துத் தட்டற மாதிரி டக டகன்னு ஒரு சத்தம். இழுக்க மாட்டேங்குது, நடுங்குது. எனக்கு உடனே புரிஞ்சுருச்சு. குடியை நிறுத்தினா ஆரம்பத்துல உங்களுக்கெல்லாம் கை நடுங்குமில்ல, அதேதான். பழக்கப்பட்ட ஒடம்பு, படக்குன்னு விட்டா நடுங்கத்தான் செய்யும். நான் வண்டி மேல கை வெச்சு, “பொறுத்துக்க சாமி, கொஞ்ச நாள்ல சரியாயிரும்”னு சொல்லிச் சொல்லி ஓட்டினேன். ஒரு நாள் கொண்டை ஊசி வளைவுல நின்னே போச்சு. நின்னது மட்டுமில்லை, பின்னால உருளுது. பிரேக்கை மிதிச்சு நிறுத்தறதுக்குள்ள அட்டை அட்டையா முட்டை சரிஞ்சு, ரோடு பூராம் மஞ்சளும் வெள்ளையுமா வழியுது. பின்னால வந்த பஸ்ஸுக்காரன் எறங்கி வந்து, “குடிச்சுட்டு ஓட்டறியா?”ன்னு கேட்டான். என்னைப் பாத்து! நான் வண்டிக்குப் பின்னால எழுதினதைக் காட்டினேன். படிச்சுட்டு இன்னும் ஒரு மாதிரிப் பாத்தானுங்க.

எப்படியோ வண்டியை ஊடு கொண்டாந்து சேத்தேன். மறுநாள் காத்தால மதுவிலக்குப் போலீஸ் வந்துருச்சு. வாசம் தாங்காம அக்கம்பக்கத்துல யாரோ சொல்லியிருக்காங்க. ஜீப்புல இருந்து ஒரு இன்ஸ்பெக்டரம்மா எறங்கினாங்க, கூட ஏட்டய்யா. நேரா ஷெட்டுக்குள்ள போனாங்க. வரிசையா கேன். கேன் மேல எழுத்து.

“என்னய்யா இது?”

எனக்குப் பொய் பேசிப் பழக்கமில்லை. “சாராயமுங்க.”

“நீ காய்ச்சினதா?”

“காய்ச்சலீங்க. கழுவினது.”

“கழுவினதா?”

“வண்டி குடிச்சுட்டிருந்துச்சுங்க மேடம். நாந்தான் நிறுத்திப் போட்டேன்.”

அந்தம்மா ஏட்டய்யாவைப் பாத்தாங்க. ஏட்டய்யா மிஷினைக் கொண்டாந்து என்னை ஊதச் சொன்னாரு. ஊதினேன். ஒண்ணுமில்லைன்னு காட்டுச்சு. எனக்கு வேகம் வந்துருச்சு. “அந்த மிஷினை வண்டியோட சைலன்சருகிட்டயும் புடிங்க, ரெண்டு பேரும் சுத்தம்னு எழுதிக் குடுங்க”ன்னேன். ஜீப்புல ஏத்தீட்டாங்க. ஏத்தறதுக்கு முன்னால என்னையும் கேன்களையும் வண்டியையும் சேத்து நிக்க வெச்சு ஒரு போட்டோ. முன்னால கேனுல ‘சாராயம்’. பின்னால வண்டியில ‘மது தொடாத ஓட்டுநர்’. ரெண்டுமே என் கையெழுத்து.

ஸ்டேஷனுக்கு என்னைத் தேடிட்டு யாரு வந்ததுன்னு நினைக்கறீங்க? அந்தப் பையன் நவநீதன்தான். அம்மணி போன் பண்ணியிருக்குது. லேப் கோட்டோடவே ஓடியாந்திருக்கான். இன்ஸ்பெக்டரம்மாகிட்ட நெதானமா எடுத்துச் சொன்னான். இது குடிக்கற சாராயம் இல்லை, பெட்ரோல் கலந்த விஷத் தண்ணி, சாம்பிள் எடுத்து அனுப்பிப் பாருங்கன்னு. அந்தம்மா கேட்டாங்க, “அது சரி, அதை எடுத்துட்டா வண்டி ஏன் தட்டுது?”

“ஆக்டேன் குறைஞ்சு போச்சுங்க மேடம். ஆக்டேன்னா எல்லாரும் பெட்ரோலோட பலம்னு நினைச்சுக்கறாங்க. அப்படியில்லீங்க. இஞ்சினுக்குள்ள போட்டு அமுக்கறப்ப, நேரத்துக்கு முன்னாடி தானாப் பத்திக்காமப் பொறுத்துட்டு இருக்கற குணம் அது. எத்தனால் அந்தக் குணத்தைக் கூட்டறதுங்க. மாமா அதைக் கழுவி எடுத்துட்டாரு. அதான் லேசா அமுக்கினாலே டப்புன்னு பத்திக்குது.”

அந்தம்மா என்னை ஒரு பார்வை பாத்துட்டுச் சிரி சிரின்னு சிரிச்சாங்க. ஏட்டய்யாவும் சிரிச்சாரு. எதுக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கலை.

பெட்ரோலை ஊட்டுல வெச்சதுக்கு மட்டும் அபராதம் போட்டு அனுப்பிச்சுட்டாங்க. வெளிய வந்து நான் அந்தப் பையன் கையைப் புடிச்சேன். “மாப்பிள்ளை”ன்னு வாயில தானா வந்துருச்சுங்க. வந்தது வந்ததுதான். அன்னிக்குச் சாயங்காலம் அம்மணி என்னோட பேசுச்சு. பேசலை, அழுதுச்சு. அதுவும் பேச்சுத்தானே.

எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைச்சேன். அந்தப் போட்டோ போனு போனாச் சுத்திப் பையனோட அம்மா தங்காயம்மா போனுக்கும் போயிருச்சு.

நானும் சரசும் பூ, பழமெல்லாம் வாங்கிட்டு அவங்க ஊட்டுக்குப் போனோம். தங்காயம்மா தண்ணி குடுத்தாங்க. உக்காரச் சொல்லலை. போனை எடுத்து அந்தப் போட்டோவைக் காட்டினாங்க.

“சம்பந்திம்மா, அது வந்துங்க…” நான் ஆரம்பிச்சேன்.

“நான் இன்னும் சம்பந்தி ஆகலீங்க”ன்னாங்க. “அன்னிக்கு நான் சொல்ல வந்ததை நீங்க கேக்கலை. இன்னிக்குக் கேளுங்க. எங்கூட்டுக்காரரைச் சாராயத்துலதான் தூக்கிக் குடுத்தேன். இவன் அப்ப கைப்பிள்ளை. இவன் படிச்சு முடிச்சதும் நாந்தான் அந்த வேலைக்குப் போடான்னேன். மனுசன் வாயில போறது வண்டியில போய் எரியட்டும், எவ்வளவு எரியுதோ அவ்வளவு நல்லதுன்னு. எம்மகன் செய்யறது அரசாங்கத்துக்குத் தெரிஞ்சு செய்யற வேலை. நீங்க ஷெட்டுல ஒளிச்சுச் செஞ்சது என்னன்னு எனக்குத் தெரியாது. சாராயக் கேனுகிட்ட நின்னு போட்டோ புடிச்ச ஊட்டுல நான் பொண்ணெடுக்க மாட்டேன்.”

எனக்குச் சுருக்குன்னு தைச்சுதுங்க. அவங்க சொல்றது பூராம் நான் சொல்ல வேண்டிய பேச்சு. என் வாயில இருந்து எடுத்து எனக்கே திருப்பிப் போடறாங்க. பையன், “அம்மா, அவரு குடிக்கவே மாட்டாரும்மா”ன்னு எவ்வளவோ சொன்னான். “உங்கப்பனும் தினம் அப்படித்தான் சொன்னான்”னு ஒரே வார்த்தையில அடச்சுப்போட்டாங்க. சரசு கால்ல விழாத குறை. கடைசில அந்தம்மா கொஞ்சம் எறங்கி வந்தாங்க. “கரட்டு முனியப்பன் கோயில்ல, எங்கண்ணு முன்னால கயிறு கட்டிக்கட்டும். அந்தச் சாமிகிட்டப் பொய் சொல்றவன் நல்லா இருந்ததில்லை. கட்டிட்டாருன்னா ஆவணியில முகூர்த்தம் வெச்சுக்கலாம்.”

குடிக்காதவன் எப்படிங்க குடியை விடறது? என்னால முடியாதுன்னு சொல்ல வாயைத் தொறந்தேன். அம்மணி மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. மூடிக்கிட்டேன்.

அதுகிட்டப் போய்ச் சொன்னேன். எங்கிட்டக் கெஞ்சும்னு நினைச்சேன். “உங்களுக்குப் புடிக்காததைச் செய்யாதீங்கப்பா, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்”னுச்சு. இன்னிக்குக் காத்தால பாத்தா, இந்த வெள்ளைச் சட்டையைத் தேச்சு மடிச்சு வெச்சிருக்குது. அது கெஞ்சியிருந்தாத் திட்டியிருப்பேனுங்க. இந்தச் சட்டையைப் போடாம என்னால இருக்க முடியலை.

வண்டிங்களா? அது ஜோரா ஓடுது. மாப்பிள்ளை வந்து டேங்க்கைச் சுத்தம் பண்ணிச் சாதாப் பெட்ரோல் ஊத்திவிட்டாரு. ஒரு தட்டல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை, மலையில கிண்ணுன்னு ஏறுது. நன்றி கெட்ட வண்டி. எல்லாரும் அதுலதான் முன்னாடியே கோயிலுக்குப் போயிட்டாங்க. நான் வரலைன்னுட்டேன். குடியை விடப் போற எடத்துக்குக் குடிச்சிருக்கற வண்டியில போறதாவது! அதனாலதான் இந்த பஸ்ஸு.

ஏனுங்க, உங்களுக்கு இது மூணாவது கயிறுன்னு சொன்னீங்களே, ஒரு விஷயம் கேக்கறேன். பூசாரிகிட்டப் போனுல பேசிட்டேன். கயிறு கட்டறதுக்கு ரெண்டே காரியந்தானாம். எத்தனை வருசமாக் குடிக்கறேன்னு கேப்பாராம். அப்புறம் சாமியைப் பாத்து, ‘இனிமே தொடமாட்டேன்’னு சத்தமாச் சொல்லோணுமாம். தொடமாட்டேன்னு நான் ஆயிரம் தடவை சொல்லுவேன், தேங்கா மேல சூடம் ஏத்திச் சொல்லுவேன். அந்த ‘இனிமே’தானுங்க வாயில வர மாட்டேங்குது. ‘இனிமே’ன்னு சொன்னா, இதுக்கு முன்னால தொட்டேன்னு ஆயிருமில்ல? ‘எப்பவும் தொடமாட்டேன்’னு சொல்லட்டுமான்னு பூசாரிகிட்டக் கேட்டுப் பாத்தேன். “வார்த்தையை மாத்தினா முனியப்பன் கொழம்பிருவாருங்க”ங்கறாரு. அத்தனை முட்டை ஒடைஞ்சப்பக் கூட எனக்கு இப்படி இருந்ததில்லை. வாழ்நாள் பூராம் காப்பாத்தி வெச்ச பேருங்க. ஒரு வார்த்தையில போயிருமே.

எங்க, நீங்க ஒருக்காச் சொல்லிக் காட்டுங்க. பழகின வாயி, உங்களுக்குச் சுலபமா வரும். ம்… இனி… இனி… பாத்தீங்களா, அடைக்குது.

கோயில் வந்துருச்சு போல. அதென்ன கண்டக்டரு இப்படிக் கூவறாரு? “குடியை விடற கோஷ்டியெல்லாம் எறங்கு, எறங்கு!” இதைத்தான் செவ்வாக்கிழமையானா கூவுவாராமா? வேற நாளா இருந்தா இந்நேரம் சட்டையைப் புடிச்சிருப்பேன்.

அந்தா, ஆர்ச்சுக்குக் கீழ நிக்கறது தங்காயம்மா. பக்கத்துல மாப்பிள்ளை. எம்பொண்ணு எங்க? இத்தனை வெயில்ல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு ரோட்டுக்கே வந்து நிக்குது பாருங்க. ஒவ்வொரு ஜன்னலாப் பாக்குது. நான் வந்திருக்க மாட்டேன்னு நினைச்சுருச்சாட்ட இருக்குது.

அட, எல்லாரும் ஏனுங்க வழியை அடச்சுக்கிட்டு நிக்கறீங்க? கண்டக்டரே, விசிலைக் குடுத்துறாதீங்க, இருங்க! கொஞ்சம் தள்ளுங்கப்பா, முதல்ல நான் எறங்கோணும். இருவது வருசமாக் குடிக்கறவனுங்க நான், வழி விடுங்க.